அரிவாளுக்கு லீவு

பெயர் என்னவோ கோதண்டராமன். ஐம்பது வயது வரைக்கும் அந்த மனிதர் கையால் வில்லையும் தொட்டதில்லை, அம்பையும் தொட்டதில்லை. பொம்மசந்திராவில் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாக டூல் ரூம் அவர் பொறுப்பு. ஸ்பானர், ட்ரில் பிட், மைக்ரோமீட்டர் என்று ஜன்னலில் வந்து கேட்கிறவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் திரும்ப வாங்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, அதனதன் இடத்தில் வைப்பார். அதை வைத்து எதையாவது திருகவோ துளைக்கவோ தட்டவோ அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

வேலை கெட்டுப்போனால் மட்டும் மறக்காமல் கூப்பிடுவார்கள். பிட் உடைந்தால் மழுங்கின பிட்டைக் கொடுத்துவிட்டாய் என்பார்கள். அளவு தப்பினால் மைக்ரோமீட்டர் சரியில்லை என்பார்கள். சூப்பர்வைசருக்கு வீட்டில் மனைவியோடு மனஸ்தாபம் என்றால்கூட, அன்று காலை முதல் வேலையாக டூல் ரூம் ஜன்னலில் வந்து நின்று கத்திவிட்டுப் போவார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள். கோதண்டராமன் எல்லாவற்றுக்கும் “சரி சார்” என்பார். அந்த “சரி சார்” என்ற இரண்டு வார்த்தையைத் தேய்த்துத் தேய்த்தே அவர் இருபத்தாறு வருடத்தை ஓட்டியிருந்தார்.

இப்படிப்பட்டவர் அரக்கர்களை வெட்டக் கிளம்பியதற்குக் காரணம் கம்பெனி பஸ். அல்சூரில் ஏறினால் பொம்மசந்திராவில் இறங்க ஒன்றரை மணி நேரம். மழை பெய்தால் அதற்குக் கணக்கே கிடையாது. பக்கத்து சீட்டில் ஃபிராங்க்ளின், டிஸ்பாட்ச் பிரிவில் கிளார்க், அவனும் அல்சூர்தான். டொம்லூரில் மஞ்சுநாத் ஏறுவான், மெஷின் ஓட்டுகிறவன், வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தமிழ். இருவரும் போனில் ‘அசுரக்கோட்டை’ என்றொரு விளையாட்டு ஆடுவார்கள். கோட்டைக்குள் போய் அரக்கர்களை அடிக்க வேண்டும். அடித்தால் கல் கிடைக்கும். அந்தக் கல்லை ஆயுதத்தில் பதித்தால் ஆயுதத்தின் நிலை ஏறும். எந்த ஆயுதம், அதில் எத்தனை கல், உடம்பில் எவ்வளவு பலம், எவ்வளவு வேகம் என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதற்கு ‘பில்ட்’ என்று பெயர். பில்ட் சரியில்லாதவன் எவ்வளவு வீரனாக இருந்தாலும் வாசலிலேயே செத்துப்போவான். ஒரு அணிக்கு மூன்று பேர் வேண்டும், ஒரு ஆள் குறைகிறது என்று ஃபிராங்க்ளின்தான் அவரை இழுத்துவிட்டான்.

டூல் ரூம்காரர் பில்ட் போட்டால் எப்படி இருக்கும்? கோதண்டராமன் வழியில் கிடந்த எல்லா ஆயுதத்தையும் பொறுக்கினார். கத்தியில் ஏழு வகை, ஈட்டியில் நான்கு, கதையில் மூன்று, பெயர் தெரியாதது பதினேழு. மொத்தம் முப்பத்தொன்று. அத்தனையையும் பையில் அளவு வாரியாக அடுக்கி, கிடைத்த கல்லை ஆளுக்கொன்றாகப் பாரபட்சம் இல்லாமல் பதித்தார். ஒரு ஸ்பானருக்கு மட்டும் எண்ணெய் போட்டால் மற்றதெல்லாம் துருப்பிடிக்காதா என்பது அவர் வாதம். இந்த பில்டோடு போனவரை முதல் அறையில் இருந்த தவளை ஒன்று கொன்றது. அரக்கன்கூட இல்லை, தவளை. மஞ்சுநாத் சிரித்த சிரிப்பில் டிரைவர் நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தார்.

பிறகு யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பெரிய சம்மட்டிக்கு மாறினார். சம்மட்டி ஒரு அடி அடித்தால் முந்நூறு புள்ளி சேதம். ஆனால் அதைத் தூக்கி ஓங்கி இறக்குவதற்குள் அரக்கன் நகர்ந்து, அவருக்குப் பின்னால் வந்து நின்று வேடிக்கை பார்ப்பான். இரண்டு மாதம் தரையை மட்டுமே அடித்தார்.

அப்புறம் ஒரு நாள் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நாற்பது நிமிடம் நகராமல் நின்றபோது, கருவி கேட்டு எழுதிக் கொடுக்கிற இண்டெண்ட் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பத்து விநாடிக்குச் சம்மட்டி மூன்று அடி, தொள்ளாயிரம். சின்ன இரட்டை அரிவாள் பத்து விநாடிக்கு இருபது வெட்டு, வெட்டுக்கு நாற்பது, எண்ணூறு. இதோடு நிறுத்தினால் சம்மட்டிதான் பெரியது. ஆனால் அரிவாளில் விஷக்கல் பதித்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் பதினைந்து கூடும்; ஆயிரத்து நூறு. அதுவும் சம்மட்டி மூன்று அடியும் அரக்கன் மேல் பட்டால்தான் தொள்ளாயிரம். இறுகிப்போன போல்ட்டை ஓங்கி அடித்துக் கழற்றினவன் எவனும் இல்லை, சின்னச் சின்னதாகத் தட்டித்தான் கழற்ற வேண்டும் என்று அவர் ஃபிராங்க்ளினிடம் விளக்கியபோது, அவர் குரலில் இருந்த உறுதியைக் கண்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த வாரம் இரட்டை அரிவாளை வைத்துக்கொண்டு அவர் தவளையையும் வெட்டினார், தவளைக்கு மேலே இருந்த ஆறு அறைகளையும் வெட்டினார். மற்ற இருவரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு தங்களுக்குக் கிடைத்த கல்லையெல்லாம் அவருக்கே கொடுக்க ஆரம்பித்தார்கள். ஃபிராங்க்ளின் ஓட்டலில் கை துடைக்கிற காகிதத்தைக்கூட மடித்துப் பையில் போட்டுக்கொள்கிற ஆள். அவன் கொடுத்தான். அவனுடைய வில்லும், கோதண்டராமன் மஞ்சுநாத்துக்குக் கொடுத்துவிட்ட பழைய சம்மட்டியும் ஆறாம் நிலையிலேயே நிற்க, கோதண்டராமனின் அரிவாள் நாற்பதாம் நிலைக்கு ஏறிப் பச்சையாக மின்னியது.

நவராத்திரி தொடங்கியபோது விளையாட்டில் புதிதாக ஒரு அரக்கன் வந்தான். எருமைத் தலை, ஆறு ஆள் உயரம். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நான்கு மணிக்குள் அவனைக் கொல்கிறவர்களின் பெயரைக் கோட்டை வாசல் கல்லில் செதுக்குவார்கள், ஒரு வருடம் அது அங்கேயே இருக்கும், உள்ளே வருகிறவன் போகிறவன் எல்லாம் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அறிவிப்பு. அதைப் படித்ததிலிருந்து கோதண்டராமனுக்கு வேறு நினைப்பே இல்லை. எடுத்துக் கொடுத்தே காலம் தள்ளிய கை, ஒரு தடவையாவது தானே வெட்ட வேண்டும். வெட்டியது இவன்தான் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். ஆசை இவ்வளவுதான். ஐம்பது வயதில் இப்படியொரு ஆசையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம், அவருக்கு இருந்தது.

பஸ்ஸில் நான்கு தடவை முயன்றார்கள். எருமை சாய்கிற நேரம் பார்த்து நான்கு தடவையும் சிக்னல் போய்விட்டது. கடைசியில், வியாழக்கிழமை ஆயுத பூஜை விடுமுறை, மூன்று மணிக்கு கோதண்டராமன் வீட்டில் கூடுவது, அங்கே வைஃபை இருக்கிறது என்று முடிவானது.

புதன்கிழமை கம்பெனியில் பூஜை. மெஷின்களைக் கழுவி வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஸ்பானரிலிருந்து சுத்தியல் வரை எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்து, கோதண்டராமன் டூல் ரூமைப் பூட்டிச் சாவியையும் சாமி படத்தடியில் வைத்தார். பூஜை போட்ட ஆயுதத்தை மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாது. இந்த ஒரு நாள்தான் அவர் “சரி சார்” சொல்லாத நாள். அன்று ஜி.எம். உரையாற்றும்போது உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஸ்க்ரூ கழன்றுவிட்டது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுங்கள் என்று ஆள் மேல் ஆள் வந்தது. கோதண்டராமன் அசையவில்லை. ஜி.எம். ஒரு பக்கம் சாய்ந்தபடியே கம்பெனியின் வளர்ச்சியைப் பற்றி இருபது நிமிடம் பேசி முடித்தார்.

மறுநாள் வீட்டில் பூஜை. அவர் மனைவி பாஞ்சாலி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். தையல் மெஷின், கத்தரிக்கோல், டேப், அரிவாள்மணை எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். கோதண்டராமன் குளித்துவிட்டு வந்து தன் போனையும் அந்த வரிசையில் வைத்தார். விளையாட்டைத் திறந்து, இரட்டை அரிவாள் பளபளவென்று சுற்றுகிற பக்கத்தைக் கொண்டுவந்து, திரை அணையாமல் இருக்கச் சார்ஜரையும் செருகி, இதற்கும் பொட்டு வை என்றார். மெஷினுக்குப் பூஜை போட்டால் நன்றாக ஓடும், அரிவாளுக்குப் போட்டால் நன்றாக வெட்டும் என்பது அவர் கணக்கு. பாஞ்சாலி அந்தப் பச்சை அரிவாளை ஒரு தரம் பார்த்தார், போனின் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று சந்தனத்தைக் குழைத்து வைத்துக் குங்குமம் இட்டார். கற்பூரம் காட்டும்போது கோதண்டராமனுக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். ஃபிராங்க்ளின் பேன்ட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பூசணிக்காய். தெருமுனையில் உடைத்துப் போட்டிருந்ததில் ஸ்கூட்டர் வழுக்கிவிட்டதாம். பாஞ்சாலி பொரியும் கடலையும் கொடுத்தார். கோதண்டராமன் விரலைச் சொடுக்கிக்கொண்டு எழுந்து பூஜை அலமாரிப் பக்கம் போய்ப் போனை எடுக்கக் கையை நீட்டினார்.

“ஏங்க, என்ன பண்றீங்க?” என்றார் பாஞ்சாலி.

நீட்டின கை அப்படியே நின்றது. இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. பூஜைக்குப் பிறகு கம்பெனியில் அவருக்கென்று ஒரு கருவியும் தேவைப்பட்டதே இல்லை. மற்றவர்களுக்குத்தான் தேவைப்பட்டது, மறுக்க வேண்டியதுதான் அவர் வேலையாக இருந்தது. பூஜை என்றால் பலம் என்று நினைத்தாரே ஒழிய, பூஜை என்றால் ஓய்வு என்பது தனக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஃபிராங்க்ளின் முதலில் பஞ்சாயத்துக்கு வந்தான். தான் கிறிஸ்தவன், தனக்கு இந்தத் தடையெல்லாம் இல்லை, அரிவாளைத் தான் எடுத்து ஆடுவதாகச் சொன்னான். ஆயுதத்துக்குத்தான் லீவு, ஆளுக்கு இல்லை என்று பாஞ்சாலி தீர்ப்புச் சொன்னார். மஞ்சுநாத், எங்கள் வீட்டில் வண்டிக்குப் பூஜை போட்ட கையோடு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி ஓட்டிவிடுவோம், அதுவும் பூஜைதானே அக்கா என்றான். அரிவாளுக்குச் சக்கரம் இருக்கிறதா என்று பாஞ்சாலி கேட்டார். அவன் பொரியை மென்றுகொண்டு யோசித்தான்.

கோதண்டராமன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கொல்லப் போவது யாரை? எருமைத் தலை அரக்கனை. நவராத்திரியில் அம்மன் செய்த வேலைதானே இது, இதில் என்ன தோஷம் என்றார்.

பாஞ்சாலி இடுப்பில் கை வைத்தார். “அம்மன் அவனைக் கொன்னுட்டு ஆயுதத்தக் கழுவி வச்சா. நீங்க கழுவி வச்சுட்டுக் கொல்லப் போறீங்களா? தீபாவளிக்கு நாப்பது ஜாக்கெட் வெட்டாம கெடக்குது. நான் கத்தரிக்கோலத் தொட்டேனா?”

கோதண்டராமன் மற்ற இருவரையும் பார்த்தார். ஃபிராங்க்ளின் தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்று ஜி.எம். சாய்ந்து உட்கார்ந்த கதையை மட்டும் மெதுவாக நினைவுபடுத்தினான். நாற்பதாம் நிலை அரிவாள் சந்தனத்துக்கு அடியில் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூவர் பதித்த கல்லும் அதில்தான் இருந்தது.

கணவர் முகம் சுருங்கினதைப் பாஞ்சாலியாலும் பார்க்க முடியவில்லை. தன் போனை எடுத்து நீட்டினார். இதற்குப் பூஜை போடவில்லை, இதில் ஆடிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அரிவாளோ பையில் இருக்கிற வேறு ஆயுதமோ எடுக்கக் கூடாது என்றார். கோதண்டராமன் அதில் தன் நம்பரைப் போட்டார். ஓ.டி.பி. எங்கே வரும்? பூஜையில் இருக்கிற போனுக்கு. மூவரும் அலமாரி முன்னால் மண்டியிட்டார்கள். தொடத்தான் கூடாது, படிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. ஆறு எண்ணில் ஐந்து தெரிந்தது, கடைசி எண் மேல் சந்தனம். மஞ்சுநாத் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்து எட்டு என்றான். தப்பு. ஃபிராங்க்ளின் ஆறு என்றான். தப்பு. மூன்றோடு திறந்தது. ஒரு கணக்கு ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் இருக்கும். திறந்த மறு விநாடி பூஜையில் இருந்த திரையிலிருந்து அரிவாள் மறைந்து வெறும் வெள்ளையானது. சாமி முன்னால் வைத்த ஆயுதம் எங்கே போனது என்று பாஞ்சாலி பதறினார். உள்ளே தூங்கப் போயிருக்கிறது என்று கோதண்டராமன் சத்தியம் செய்தார்.

மணி மூன்று இருபத்தைந்து. அரிவாள் இல்லாத கோதண்டராமன், ஆறாம் நிலை வில், ஆறாம் நிலைச் சம்மட்டி. இந்தச் சேனை எருமையிடம் போனால் எருமைக்குக் கொட்டாவிதான் வரும். ஆனால் பில்ட் என்று உட்கார்ந்துவிட்டால் கோதண்டராமனுக்கு மூளை தானாக ஓட ஆரம்பித்துவிடும். சம்மட்டியில் குறை என்ன? அடி பலமானதுதான், அரக்கன் நிற்கமாட்டேன் என்கிறான். கம்பெனியில் ஓடுகிற இரும்பை யாராவது அடிக்கிறார்களா? வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்துவிட்டுத்தானே அடிக்கிறார்கள். அடிக்கிற வேலைக்குப் பிடித்துக்கொள்கிற ஒருத்தன் வேண்டும்.

உடம்பின் பலத்தையும் வேகத்தையும் ஒரு தடவை கலைத்துப் புதிதாக அடுக்க விளையாட்டில் வழி இருந்தது. கையில் இருந்த பலத்தையெல்லாம் எடுத்து உடம்பில் போட்டார். அடிக்கிற பலம் பூஜ்யம், தாங்குகிற பலம் நிரம்பி வழிந்தது. ஒரு கேடயம் வேண்டியிருந்தது. பாஞ்சாலியைத் திரும்பிப் பார்த்தார்.

“கேடயம் ஆயுதமா?”

“அது அடிக்குமா?”

“அடிக்காது. வாங்கும்.”

“அப்ப எடுத்துக்கோங்க,” என்றார் பாஞ்சாலி.

எருமையின் எதிரில் போய் கோதண்டராமன் நின்றார். வம்பிழுக்க ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் அரக்கன் மற்றவர்களை விட்டுவிட்டு அழுத்தினவனையே முட்டுவான். அழுத்தினார். எருமை பாய்ந்து முட்டியது. கொம்பு கேடயத்தில் சிக்கி இரண்டு விநாடி இழுபட்டது. “மஞ்சு, இப்ப,” என்றார். சம்மட்டி அதன் மண்டையில் இறங்கியது. இரண்டு மாதம் தரையையே அடித்த ஆயுதம் முதல்முறையாக அரக்கன் மேல் பட்டதில் மஞ்சுநாத், “குரு!” என்று கத்தினான். மறுபடி வம்பு, மறுபடி முட்டு, மறுபடி சம்மட்டி. கொம்பு விடுபடுகிற நேரத்தில் ஃபிராங்க்ளினின் அம்பு கண்ணில். இப்படியே இருபத்தைந்து நிமிடம். எருமை அவரை முட்டியது, மிதித்தது, வாலால் சுழற்றி அடித்தது, ஒரு தடவை அவர் மேல் உட்கார்ந்தது. கோதண்டராமன் நெற்றி வியர்வையைத் துடைக்கவில்லை, பாஞ்சாலிதான் முந்தானையால் துடைத்தார். எந்தக் கொம்பு எப்போது வரும் என்று அவருக்குத் தெரிந்தது. கோபமாக வருகிறவனின் எதிரில் நின்று பழக்கப்பட்டவர் அவர்.

மூன்று ஐம்பத்தேழுக்கு எருமை முழங்கால் மடித்து விழுந்தது. ஃபிராங்க்ளின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். மஞ்சுநாத் கோதண்டராமனைக் கட்டிக்கொண்டான். திரையில் கோட்டை வாசல் கல் வந்தது, உளி ஒன்று தானாகச் செதுக்கியது. ஃபிராங்க்ளின். மஞ்சுநாத். உளி நின்றுவிட்டது.

மூவரும் காத்திருந்தார்கள். ஃபிராங்க்ளின் திரையை இழுத்துப் பார்த்தான். அரக்கனை ஒரு அடியாவது அடித்தவர்கள் பெயர்தான் கல்லில் வரும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. கோதண்டராமன் ஒரு அடிகூட அடிக்கவில்லை. சும்மா ஒரு தடவை உதைத்திருந்தால்கூட வந்திருக்கும், அவருக்கு அது தோன்றவில்லை. எடுத்துக் கொடுத்தே பழகின புத்தி இங்கேயும் எடுத்துக் கொடுத்துவிட்டது. கண்ணீர் அவருக்குக் கண்ணை மறைத்தது. பரவாயில்லை, விளையாட்டுத்தானே என்று சொன்னார். யாரும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. ஃபிராங்க்ளின் தன் பேன்ட்டில் காய்ந்த பூசணிக்காயைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

மஞ்சுநாத்தான் அடுத்த பக்கத்தைத் திறந்தான். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல். கோதண்டராமன்: அடித்தது 0. அதற்குக் கீழே, வாங்கியது 2,14,380. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். இந்த ஒன்பது நாளில் எருமையிடம் வந்த அத்தனை ஆயிரம் பேரிலும் இவ்வளவு அடி வாங்கியவர் வேறு யாரும் இல்லை என்பது அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம்.

கோதண்டராமன் போனை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார். ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் தரம் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது.

“இருபத்தாறு வருஷமா வாங்கறேன்,” என்றார். “இன்னிக்குத்தான் ஒருத்தன் எண்ணியிருக்கான்.”

பாஞ்சாலி போனைத் திரும்ப வாங்கினார். அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து, அதுவரை இருந்த பேரக்குழந்தையின் படத்தை எடுத்துவிட்டு, திரையில் எப்போதும் தெரிகிற மாதிரி அதை வைத்துக்கொண்டார். இப்போது அளவு கொடுக்க வருகிற பெண்கள் மேஜை மேல் கிடக்கிற போனைப் பார்த்துவிட்டு, இது என்ன நம்பர் அக்கா என்று கேட்கிறார்கள்.

“எங்க வீட்டுக்காரர் வாங்குன அடி,” என்கிறார் பாஞ்சாலி, முகம் மலர. கேட்டவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.